கிண்ணமும் நாமகரணமும்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் இரண்டு கூறாக எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த சுல்தான் ஜொகூர் வளைகோல் கிண்ணத்தை எந்த நாட்டு அணி தட்டிக்கொண்டு போகும் என்று ஆருடம் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அந்த நாடுகளை எந்தப் பெயரால் அழைப்பது முறை என்று சென்ற போட்டியிலிருந்து நம்மிடையே நடந்துவரும் வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது ஜோதிடர் வேலை. இரண்டாவது பஞ்சாயத்தார் வேலை. இரண்டுக்கும் நான் அருகதையற்றவன் என்று சொல்லிக்கொண்டு தொடங்குவது பிரசங்கிகளின் சம்பிரதாயம். நேரம் குறைவாக இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். மேலும், யோசித்துப் பார்க்கப் பார்க்க, தனித்தனியாகத் தோன்றும் இந்த இரண்டு விஷயங்களுக்கும் வேர் ஒன்றே என்றும், ஒன்றைத் தீர்க்காமல் மற்றதைத் தொட முடியாது என்றும் எனக்குப் படுகிறது.

முதலில் ஆருடத்தை எடுத்துக்கொள்வோம். 21 வயதுக்கு உட்பட்ட ஆடவருக்கென்று 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தப் போட்டிக்கு, வழக்கமாக ஆறு அணிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் மோதுவதால் பதினைந்து ஆட்டங்கள், அதற்குப் பிறகு ஸ்தானங்களை நிர்ணயிக்க மூன்று ஆட்டங்கள், அவற்றுள் கடைசியானது கிண்ணத்துக்கு. முதல் ஆண்டு மலேசியா வென்றது. 2012-இல் ஜெர்மனி, 2013, 2014 இரண்டு ஆண்டும் இந்தியா, 2015-இல் கிரேட் பிரிட்டன், 2016, 2017 ஆஸ்திரேலியா, 2018, 2019 மறுபடியும் கிரேட் பிரிட்டன், பிறகு கொள்ளைநோயின் காரணமாக இரண்டு ஆண்டுகள் போட்டியே இல்லை, 2022-இல் இந்தியா, 2023-இல் ஜெர்மனி, 2024-இல் கிரேட் பிரிட்டன், 2025-இல் ஆஸ்திரேலியா.

இந்தப் பட்டியலை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரத்தில் அவர் ஒரு சாஸ்திரமே எழுதிவிடுவார். இந்தியா இரண்டு முறை சேர்ந்தாற்போல் வென்றிருக்கிறது, ஆஸ்திரேலியா அப்படியே, கிரேட் பிரிட்டனும் அப்படியே. ஆகவே இந்தக் கிண்ணம் ஒரு வீட்டுக்குப் போனால் ஈராண்டு தங்கும், 2025-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது 2026-லும் அங்கேயேதான் இருக்கும் என்று எனக்கு மிகவும் வேண்டிய நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் 2022-இல் இந்தியாவுக்குப் போனது ஏன் அடுத்த ஆண்டே ஜெர்மனிக்குக் கிளம்பிற்று, 2024-இல் பிரிட்டனுக்குப் போனது ஏன் அங்கே தங்கவில்லை என்று நான் கேட்டபோது, அவை விதிவிலக்குகள் என்றார். விதியை விட விலக்கு சமீபத்தில் நடந்திருக்கும்போது எதை நம்புவது என்பதை அவர் சொல்லவில்லை.

இதில் அடிப்படையான சங்கடம் ஒன்று இருக்கிறது. 21 வயது என்ற வரம்பினால், பெரியவர்களின் அணியைப் போல இந்த அணிகள் பத்தாண்டுக் காலம் ஒரே முகங்களோடு நீடிப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை பழைய பிள்ளைகள் வெளியேறிப் புதிய பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். 2011-இல் மலேசியா கிண்ணத்தைத் தூக்கிய நாளில், அடுத்த போட்டியில் ஆடப்போகும் பையன்கள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2016-இல் வென்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இப்போது முப்பதை எட்டிக்கொண்டிருப்பவர்கள். கால்கள் வேறு, கைகள் வேறு, பல சமயங்களில் பயிற்சியாளரும் வேறு. மாறாமல் நிற்பது சட்டையில் எழுதியிருக்கும் நாட்டின் பெயர் மட்டுமே. நாம் பட்டியலைப் பார்த்து ஆருடம் சொல்லும்போது அந்தப் பெயருக்குத்தான் சொல்கிறோம். ஆடப்போகிறவனுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இந்த ஓர் உண்மையை ஒப்புக்கொண்டால், பெயரைப் பற்றிய வாக்குவாதம் வெறும் வாய்ச்சண்டை அல்லவென்பது விளங்கும். எந்தப் பெயரின் கீழ் எந்த வெற்றியை எழுதுவது என்று தெரியாதவன் கூட்டிக் கழிப்பதில் அர்த்தமில்லை.

சென்ற ஆண்டு அக்டோபரில், இந்தியா கிரேட் பிரிட்டனை 3–2 என்று வென்ற இரவு, போட்டி நடந்த தாமான் டாயா அரங்கத்துக்கு அருகேயுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஒருவர் வயதானவர், மற்றவர் தொழிற்சாலைச் சீருடையோடு வந்த இளைஞர்.

“இங்கிலாந்துக்காரன் தோத்துட்டான் பார்த்தீங்களாண்ணே?”

“ஆடினது இங்கிலாந்து இல்ல தம்பி, கிரேட் பிரிட்டன்.”

“எல்லாம் ஒரே வெள்ளக்காரன்தானே!”

“அப்போ ஊருலேருந்து உன் மாமா போன் பண்ணி, மலாயாவுல மழையான்னு கேட்டா மட்டும் ஏன் கோவிச்சுக்கிற?”

இளைஞர் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார். பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம்முடைய பழைய வழக்கில் ‘சீமை’ என்ற ஒரு சொல்லுக்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாவற்றையும் போட்டு முடிந்துவைத்திருந்தோம். கப்பலேறி வந்த துரை எந்த மலைப்பிரதேசத்தைச் சேர்ந்தவர் என்று தோட்டத்தில் யாரும் விசாரித்ததில்லை. ஆனால் வளைகோல் ஆட்டத்தில் இந்த வேறுபாடு சட்டபூர்வமானது. உலகக் கோப்பையிலும் காமன்வெல்த் விளையாட்டிலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவை தனித்தனி அணிகள். ஒலிம்பிக்கிலோ அவை மூன்றும் சேர்ந்து கிரேட் பிரிட்டன். ஜொகூருக்கு அவர்கள் ஒலிம்பிக் பெயரோடு வருகிறார்கள்.

இதன் விளைவு என்ன என்பதை நாம் சென்ற ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் கண்கூடாகக் கண்டோம். அக்டோபரில் இங்கே கிரேட் பிரிட்டன் என்ற பெயரில் ஆடினார்கள். நவம்பர் இறுதியில் தமிழ்நாட்டில், சென்னையிலும் மதுரையிலும், 24 அணிகளோடு இளையோர் உலகக் கோப்பை தொடங்கியபோது அங்கே கிரேட் பிரிட்டன் என்ற பெயரே அட்டவணையில் இல்லை. அதன் இடத்தில் இங்கிலாந்து நின்றது. ஜொகூரில் பிரிட்டனின் சட்டையை அணியும் தகுதி பெற்ற ஒரு ஸ்காட்லாந்துப் பையனுக்கு, மதுரையில் இங்கிலாந்தின் சட்டையை அணிய உரிமை கிடையாது. ஆகவே, ஜொகூரில் பார்த்ததை வைத்து மதுரைக்கு ஆருடம் சொன்னவர், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் அணியைப் பார்த்துவிட்டு வேறோர் அணிக்குச் சொன்னார்.

இந்தக் குழப்பம் நேற்று இன்று தோன்றியதும் அன்று. 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வளைகோல் ஆட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது வந்த அணிகள் ஆறு. அவற்றுள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்ற நான்கும் ஒரே அரசரின் பிரஜைகள். இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அயர்லாந்தை 8–1 என்று தோற்கடித்தது. ஆனால் இன்று ஒலிம்பிக் ஏட்டைப் புரட்டினால் முதலிடமும் கிரேட் பிரிட்டனுக்கு, இரண்டாமிடமும் கிரேட் பிரிட்டனுக்கு என்று எழுதியிருக்கும். ஒருவரே தமக்கு எதிராகத் தாமே எட்டுக் கோல் போட்டுக்கொண்டு தங்கமும் வெள்ளியும் வாங்கியது போன்ற விசித்திரம் அது! அந்த அயர்லாந்துக்காரர்களின் பேரன்மார் பிற்பாடு தனிக்குடியரசாகி, வளைகோலில் வடக்கும் தெற்கும் சேர்ந்த ஒரே அயர்லாந்தாக ஆடிவருகிறார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டன்மாரின் வெள்ளிப்பதக்கம் இன்னும் லண்டன் கணக்கில்தான் இருக்கிறது.

நம் சொந்த வீட்டுக்கு வருவோம். 1956-இல் மெல்பர்ன் நகரத்து ஒலிம்பிக்கில் வளைகோலுக்கு வந்த பன்னிரண்டு அணிகளில் மலாயா ஒன்று, சிங்கப்பூர் மற்றொன்று. இரண்டும் அப்போது சுதந்திர நாடுகள் அல்ல. மலாயாவுக்கு விடுதலை கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி. 1924-ஆம் ஆண்டிலிருந்து நம்மை இணைத்துக்கொண்டிருக்கும், ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள கடற்பாலத்தின் இந்தக் கரையில் பிறந்தவர் மலாயாவுக்கும் அந்தக் கரையில் பிறந்தவர் சிங்கப்பூருக்கும் உரியவர்கள். சிங்கப்பூரை அந்தப் போட்டியில் இந்தியா 6–0 என்று வென்றது.

1963 செப்டம்பர் 16-ஆம் தேதி மலேசியா பிறந்தது. மறு ஆண்டு டோக்கியோவுக்குப் போன மலேசிய அணி, சிங்கப்பூரையும் தன்னுள் அடக்கிய ஒரு தேசத்தின் அணி; அது இந்தியாவிடம் 1–3 என்று தோற்றாலும், ஹாங்காங் அதே இந்தியாவிடம் ஆறு கோல் வாங்கியதை நினைத்துப் பார்த்தால், கௌரவமாகவே ஆடிற்று எனலாம். 1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது. 1968-இல் மெக்சிகோவுக்குப் போனதும் மலேசியாதான்; பெயர் அதே பெயர், உள்ளடக்கம் வேறு. ஆக, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று வகையான தேசத்தை இந்த ஆட்டம் கண்டிருக்கிறது. ஒலிம்பிக் ஏட்டில் மலாயாவுக்கு ஒரு சுருக்கப்பெயரும் மலேசியாவுக்கு வேறொரு சுருக்கப்பெயரும் இருப்பதால், ‘மலேசியாவின் முதல் ஒலிம்பிக் வளைகோல் ஆட்டம் எது?’ என்று பள்ளிக்கூட வினாப்போட்டியில் கேட்டால் 1956 என்று சொல்லும் மாணவனுக்கும் 1964 என்று சொல்லும் மாணவனுக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்; கேள்வி கேட்டவருக்குத்தான் குறைப்பேன்.

ஜெர்மனியின் சரித்திரத்தில் இது இன்னும் சிக்கலானது. 1956-இல் வெண்கலம் வென்றது கிழக்கும் மேற்கும் சேர்ந்த ஒன்றுபட்ட அணி. 1972-இல் மியூனிக்கில் பாகிஸ்தானை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது மேற்கு ஜெர்மனி. 2012-இல் ஜொகூரில் கிண்ணம் பெற்றது மறுபடியும் ஒன்றான ஜெர்மனி. 1980-இல் மாஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4–3 என்று வென்ற அதே போட்டியில் வெண்கலம் பெற்ற சோவியத் யூனியன் இன்று பூகோளப் புத்தகத்திலேயே இல்லை. அந்தப் பதக்கத்தை யாருடைய கணக்கில் வரவு வைப்பீர்கள்?

இந்தியாவையும் பாகிஸ்தானையும் பற்றி ஒரே ஒரு மனிதரைச் சொன்னால் போதும். அலி இக்திதார் ஷா தாரா என்பவர் 1936-இல் பெர்லினில், தியான் சந்தின் தலைமையில், ஜெர்மனியை 8–1 என்று தோற்கடித்த இந்திய அணியில் ஆடியவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர் பாகிஸ்தான் அணியின் தலைவராக வந்தார். அவருடைய கைவரிசை மாறவில்லை; சட்டையில் பெயர்தான் மாறியது. பெர்லின் தங்கத்தை இந்தியாவின் பெயரில் எழுதுவது நியாயம்தான். ஆனால் அதில் லாகூருக்கும் பாத்தியதை உண்டு என்பதை மறந்துவிட்டு, பிரிவினைக்கு முந்தைய வெற்றிகளை ஒருபுறமாகவே குவித்து வைத்துக்கொண்டு இரு நாட்டு ஆட்டங்களுக்கும் ஆருடம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஒல்லாந்தா நெதர்லாந்தா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 1641-இல் ஜொகூர்க்காரர்களின் துணையோடு மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தவர்களை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்றுதான் அழைத்தார்கள். அவர்களுடைய அரசாங்கமே 2020-ஆம் ஆண்டு தொடங்கி ஹாலந்து என்ற பெயரைக் கைவிட்டு நெதர்லாந்து என்பதையே கையாள்கிறது. ஆட்ட அட்டவணையில் நெதர்லாந்து, வீட்டுப் பேச்சில் எது வாயில் வருகிறதோ அது. இந்தியாவா பாரதமா என்று 2023-இல் எழுந்த சர்ச்சைக்கு விடையாக, அவர்களுடைய அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்திலேயே இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அதற்கு மேல் ஜொகூரில் உட்கார்ந்து நாம் தீர்ப்பு வழங்குவது அதிகப்பிரசங்கித்தனம்.

பஞ்சாயத்தின் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓர் அணி எந்தப் பெயரோடு களத்தில் இறங்குகிறதோ அந்தப் பெயரால்தான் அதை அழைக்க வேண்டும். அது அந்த ஸ்காட்லாந்துப் பையனுக்கு நாம் காட்டும் மரியாதை. பழைய வெற்றிகளைக் கணக்கிடும்போது மட்டும் பெயரை நம்பாமல், அன்றைய தினம் அந்தப் பெயருக்குள் யார் யார் இருந்தார்கள் என்று திறந்து பார்க்க வேண்டும். பத்திரிகை நண்பர்களுக்கு இதனால் கொஞ்சம் வேலை கூடும். கூடட்டும்.

இனி, பெயரைப் பற்றிப் பேசும்போது நாம் மெல்ல நழுவவிடும் ஒரு விஷயத்தையும் தொட வேண்டியிருக்கிறது. 2013-இல் இறுதியாட்டத்தில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. 3–0 என்று இந்தியா வென்றது. அந்த மாதிரி ஆட்டத்தில் மலேசியத் தமிழர்களாகிய நாம் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது? இந்தக் கேள்வி 1975-ஆம் ஆண்டிலேயே எழுந்த கேள்வி. கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையில், நெதர்லாந்தை வீழ்த்தி அரையிறுதிக்கு வந்த மலேசிய அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அதே அணியில் மகேந்திரன். எதிரே இந்திய அணியின் பட்டியலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.ஜே. பிலிப்ஸ். பெருமழையால் தேதியும் மைதானமும் மாறிய அந்த ஆட்டத்தில் மலேசியா இருமுறை முன்னிலை பெற்றது. முடியும் தறுவாயில் அஸ்லம் ஷேர் கான் ஒரு பெனால்டி கார்னரில் சமன் செய்ய, நீட்டிக்கப்பட்ட நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட, 3–2 என்று இந்தியா தப்பியது. பிறகு பாகிஸ்தானை 2–1 என்று வென்று கோப்பையையும் பெற்றது. அந்த அரையிறுதியை நேரில் கண்ட பெரியவர்களோடு பேசியிருக்கிறேன். இந்தியா வென்றதற்காக மகிழ்ந்தவர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. மலேசியா தோற்றது ஐம்பது ஆண்டு கழித்தும் அவர்களுக்கு ஆறவில்லை. பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதைக் கொண்டு நம்முடைய அபிமானத்தை அளக்க முற்படுகிறவர்கள், அந்தப் பெரியவர்கள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கலாம்.

சரி, பெயரை விட்டால் எதைப் பார்த்து ஆருடம் சொல்வது? பெனால்டி கார்னரைப் பாருங்கள். விசில் ஊதியதும் ஐந்து தடுப்பாளர்கள், கோல்காப்பாளர் உட்பட, கோல் கோட்டுக்குப் பின்னே போய் முகக்கவசத்தையும் முட்டிக்காப்பையும் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒருவன் பந்தைத் தள்ளுகிறான். வளையத்தின் விளிம்புக்கு வெளியே ஒருவன் அதை நிறுத்துகிறான். மற்றொருவன் அதை வளைகோலின் நுனியில் இழுத்துச் சுழற்றி வீசுகிறான். தள்ளியவன் கை மணிக்கட்டளவு பிசகினால் நிறுத்துகிறவன் தடுமாறுவான். நிறுத்துகிறவன் பந்தை ஒரு சாண் துள்ளவிட்டால், அதற்குள் தடுப்பாளரில் முதல் ஓட்டக்காரன் காலடியில் வந்து நிற்பான். மூன்று பேரும் பல மாதங்கள் சேர்ந்து பழகியிராவிட்டால் இது கைகூடாது. 2025 இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1–1 என்று நின்றிருக்க, ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்திரேலியாவுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தது இந்த மாதிரி ஒரு கார்னரே.

அடுத்தது நம் ஊர் வானம். அக்டோபர் மாதத்துச் சாயங்கால இடி மின்னலால் ஆட்டம் நடுவே நிறுத்தப்படலாம். புழுக்கத்தில் எட்டு நாளில் ஆறு ஆட்டம் ஆடும் பிள்ளைகளின் கால்கள் கடைசி இரண்டு ஆட்டங்களில் வேறு கால்களாகிவிடும். குளிர் தேசத்தார் முதல் நாளில் ஆடும் வேகத்தைக் கண்டு பந்தயம் கட்டாதீர்கள். அதன் பிறகும் சமநிலை என்றால் ஷூட்-அவுட்: 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் கோல்காப்பாளரைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். 2015-இல் பிரிட்டனும் 2022-இல் இந்தியாவும் கிண்ணத்தை அந்த எட்டு விநாடிகளில்தான் பெற்றன. அப்போது நாட்டின் பெயரும் உதவாது, பட்டியலும் உதவாது. கோல்காப்பாளருக்குத் தூக்கம் நன்றாக வந்ததா என்பது உதவும்.

ஜொகூரில் வென்றவர் உலகை வெல்வார் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அக்டோபரில் இங்கே வாகை சூடிய ஆஸ்திரேலியாவுக்கு டிசம்பரில் சென்னையில் பதக்கமே கிட்டவில்லை. ஜொகூருக்கு வராத ஜெர்மனியும் ஸ்பெயினும் அங்கே இறுதியாட்டம் ஆடின. ஜெர்மனி ஷூட்-அவுட்டில் வென்றது. அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த இந்தியா 4–2 என்று மீண்டு வெண்கலம் பெற்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமல் இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று அவைத்தலைவர் எச்சரித்திருக்கிறார். அழைப்பை ஏற்று வந்தால், இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் ஆஸ்திரேலியா நிற்கும் என்பது என் அபிப்பிராயம். கார்னருக்காக அவர்கள் படும் பாடு அப்படிப்பட்டது. மறுபக்கம் யார் என்பதை மூன்றாம் ஆட்டநாள் முடிந்த இரவு கேளுங்கள், சொல்கிறேன். மலேசியா அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசையை ஆருடத்தில் கலந்து கொடுக்க மாட்டேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசையில் வளைகோலோடு நிற்கிறவர்கள் முதலில் கேட்கட்டும்.